கிணறு உனக்கு; குழி எனக்கு!
பக்கத்து வீட்டுச் சண்டைக்குச் சட்டம் என்ன சொல்லுகிறது?

கிணற்றுத் தண்ணீரை வெள்ளம் கொண்டு போகாது என்பார்கள். உண்மைதான், வெள்ளம் கொண்டு போகாது. ஆனால் பக்கத்து வீட்டு அழுக்கு, பூமிக்கு அடியில் மெல்ல ஊர்ந்து வந்து அந்தத் தண்ணீரில் கலந்துவிடும். சத்தம் கேட்காது. கண்ணுக்கும் தெரியாது. வீட்டில் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்ட பிறகுதான் விஷயம் தெரியும்!

ஊருக்கு வெளியே புதிது புதிதாக மனைகள் பிரிக்கிறார்கள். வீடுகள் எழும்புகின்றன. ஆனால் பல இடங்களில் பாதாளச் சாக்கடை இல்லை. ஆகவே வீட்டுக்கு ஒரு கக்கூஸ், கக்கூசுக்கு ஒரு செப்டிக் டாங்க், டாங்க்குக்கு ஓர் உறிஞ்சு குழி. அதே மனையில் குடிக்க ஒரு கிணறு, அல்லது ஒரு போர்.

அழுக்கை விடுவதும் அதே மண்ணில். தண்ணீரை எடுப்பதும் அதே மண்ணில். சண்டைக்குக் கேட்கவேண்டுமா? இப்படித்தான் அது ஆரம்பிக்கும்:

"அண்ணாச்சி! என் கிணற்றுக்குப் பக்கத்தில் இப்படிக் குழி தோண்டலாமா?"

"என் இடம். நான் தோண்டுகிறேன். உங்களுக்கு என்ன?"

"என் கிணறு 15 வருஷமாக இருக்கிறதே!"

"இருக்கட்டும். தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது அல்லவா? அதைக் குடியுங்கள்!"

அடுத்த வாரம் இரண்டு வீட்டுப் பெண்களும் பேசிக்கொள்வதில்லை. அடுத்த மாதம் கோர்ட்டில் வழக்கு. கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுகூட நின்றுபோகிறது.

இந்த இருவரில் யார் பக்கம் நியாயம்? "என் இடம்" என்பவருக்குத் தன் இடத்தில் எதையும் செய்ய உரிமை உண்டா? "என் கிணறு பழையது" என்பவர், பக்கத்து மனைக்காரரைக் கக்கூசே கட்டக் கூடாது என்று தடுக்க முடியுமா?

சட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால், தண்ணீரைப் பார்ப்போம்.

மூன்றடி தூரம், 500 உயிர்!

1854-ம் ஆண்டு. லண்டன் நகரம். பிராட் தெரு என்ற தெருவில் ஒரு கைப்பம்பு. அக்கம்பக்கத்தார் எல்லோரும் அதில்தான் தண்ணீர் பிடிப்பார்கள். நல்ல ருசியான தண்ணீர் என்று அதற்குப் பெயர்!

ஆகஸ்டு மாதக் கடைசியில் அங்கே காலரா கண்டது. 10 நாளில் 500 பேருக்கு மேல் நோய் கண்டு மாண்டார்கள்.

ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள். தொலைவில், ஹாம்ஸ்டெட் என்ற பகுதியில் ஒரு விதவை அம்மாள் இருந்தார். அந்தப் பக்கம் காலராவே இல்லை. ஆனாலும் அவர் காலராவில் மாண்டார். ஏன்? அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், பிராட் தெருவிலிருந்து தினமும் அதை வரவழைத்துக் குடித்தவர் அவர்!

செப்டம்பர் 8-ந்தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மலக்குழியின் செங்கல் கட்டு இற்றுப்போயிருந்தது. அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்த தூரம் மூன்றடிக்கும் குறைவு! அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு நோய் கண்டிருந்தது. அதன் துணி அலசிய தண்ணீர் அந்தக் குழியில்தான் போய் விழுந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? தெளிவாக இருக்கும் தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. ருசியான தண்ணீரும் ஆளைக் கொல்லும்.

டாங்க் என்ன செய்கிறது?

"அது அந்தக் காலத்து மலக்குழி. இப்போதுதான் செப்டிக் டாங்க் வந்துவிட்டதே!" என்று சிலர் சொல்லுவார்கள்.

செப்டிக் டாங்க் பிரான்சு நாட்டில் பிறந்தது. மூரா என்பவர் 1881-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரத்து டொனால்டு காமரான் அதைத் திருத்தி அமைத்து, "செப்டிக் டாங்க்" என்று பெயரும் வைத்தார்.

அது செய்யும் வேலை மிகவும் சாதாரணமானது. கனமானது அடியில் தங்கும். எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அடியில் தங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் குழாய் வழியாக வெளியே போகும்.

வெளியே போகும் அந்தத் தண்ணீர் சுத்தமானதா? அதுதான் இல்லை! அதில் நோய்க் கிருமிகள் உயிரோடு இருக்கும். டாங்க் பாதி வேலைதான் செய்கிறது. மீதி வேலையை மண் செய்யவேண்டும். உறிஞ்சு குழியிலிருந்து கசியும் தண்ணீர் மண்ணுக்குள் மெதுவாக இறங்கும்போது, மண் அதை வடிகட்டுகிறது. கிருமிகள் வழியிலேயே சாகின்றன. அதற்குத்தான் தூரம் வேண்டும்.

5 பேர் உள்ள குடும்பத்துக்கு டாங்க் எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும்? நீளம் ஒன்றரை மீட்டர். அகலம் முக்கால் மீட்டர். தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர். அடியும் பக்கமும் சிமெண்டு பூசி, ஒழுகாமல் இருக்கவேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? பலர் நாலு சிமெண்டு உறைகளை மண்ணில் இறக்குகிறார்கள். அடியில் பூச்சு கிடையாது. மேலே ஒரு மூடி. அதையே "செப்டிக் டாங்க்" என்கிறார்கள். "20 வருஷமாக நிறையவே இல்லை, ஒரு தடவைகூட லாரி கூப்பிடவில்லை" என்று பெருமை வேறு! நிறையாத டாங்க் நல்ல டாங்க் அல்ல, ஒழுகுகிற டாங்க். அது எங்கே போகிறது என்பதைப் பக்கத்து வீட்டுக் கிணற்றைத்தான் கேட்கவேண்டும்.

60 அடிக் கணக்கு

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் தூரம் வேண்டும். இது இந்தியத் தர நிர்ணய விதியில் கண்ட அளவு. அதாவது, ஏறக்குறைய 60 அடி.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிரவுண்டு மனை ஒன்று. அகலம் 30 அடி. நீளம் 40 அடி. ஒரு மூலையில் கிணறு. அதற்கு நேர் எதிர் மூலையில் குழி. நடுவே எவ்வளவு தூரம்? 50 அடிதான்!

மனையின் இரண்டு கோடிகளிலே வைத்தாலும் 60 அடி கிடைக்காது. உங்கள் கிணற்றுக்கு உங்கள் குழியே எதிரி! பக்கத்து வீட்டுக் குழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறிய மனைகளில் இந்த விஷயத்தை ஒரு வீட்டுக்காரர் தனியாகத் தீர்க்கவே முடியாது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. நாலு வீட்டுக்காரர்கள் கூடிப் பேசினால்தான் வழி பிறக்கும்.

கேரளத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. அங்கே 1999-ம் ஆண்டில் வந்த நகராட்சிக் கட்டட விதிகள், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவே ஏழரை மீட்டர் என்று வைத்தன. ஆனால் கிணற்றை எல்லையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தோண்டினாலே போதும். விளைவு? முதலில் கிணறு தோண்டியவர், பக்கத்து மனைக்காரரின் இடத்தில் ஒரு பகுதியைக் குழிக்கு உதவாமல் செய்துவிட்டார்! "முந்திக்கொண்டவருக்குத்தான் லாபமா?" என்று இரண்டாமவர் கேட்டால், அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

மண்ணுக்கு மண் வேறு

60 அடி என்பது பொதுவான அளவு. எல்லா மண்ணும் ஒன்றல்ல.

கடற்கரைப் பக்கத்து மணல், கிருமிகளை ஓரளவு நன்றாக வடிகட்டும். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் மட்டம் மேலே வந்து, குழியின் அடியைத் தொட்டுவிடும். அப்போது வடிகட்டுவதற்கு மண்ணே மிச்சம் இராது.

சேலம், கோவை போன்ற இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. அங்கே தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. வெடிப்பு வடிகட்டாது. குழியும் கிணறும் ஒரே வெடிப்பில் மாட்டிக்கொண்டால், 60 அடி அல்ல, அதற்கு மேல் இருந்தாலும் ஆபத்துதான்.

யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல். அதில் துளைகளும் குகைகளும் உண்டு. அங்கே வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான் உயிர். காணி உறுதி எழுதும்போது "கிணற்றுப் பங்கு" என்று தனியாகவே எழுதுவார்கள். அந்தக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட்டு என்ற உப்பு அளவுக்கு மீறி இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் அதற்குக் காரணங்கள்.

இந்த நைட்ரேட்டு பொல்லாதது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. 1945-ம் ஆண்டில் அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டாக்டர் காம்லி, உடம்பு நீலம் பூத்துப்போன கைக்குழந்தைகளைப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் இருந்த நைட்ரேட்டே காரணம் என்று கண்டுபிடித்தார். இந்தியாவில் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருக்கக் கூடாது.

வற்ற வைக்கலாம், கெடுக்கக் கூடாது!

இனி, சட்டத்துக்கு வருவோம்.

நம் ஊரில் இதற்கென்று ஒரு பழைய சட்டம் உண்டு. 1882-ம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம். அது முதன்முதலில் அமலுக்கு வந்த இடங்களில் அன்றைய சென்னை மாகாணமும் ஒன்று. வக்கீல்கள் "ஈஸ்மெண்டு" என்பார்கள். பத்திரங்களில் "பாத்தியதை" என்று இருக்கும்.

பூமிக்கு அடியில் ஊறும் தண்ணீர் யாருக்குச் சொந்தம்? யார் தன் இடத்தில் தோண்டி எடுக்கிறாரோ, அவருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஆழமாகப் போர் போட்டு, அதனால் உங்கள் கிணறு வற்றினால், இந்தச் சட்டத்தைக் காட்டி அவரைத் தடுக்க முடியாது. 1859-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. ஓர் ஊர் நிர்வாகம் பெரிய கிணறு வெட்டியது. 60 வருஷத்துக்கு மேலாக ஆற்றுத் தண்ணீரில் ஓடிய ஆலைக்குத் தண்ணீர் குறைந்துபோயிற்று. ஆலைக்காரர் கடைசிக் கோர்ட்டு வரை போனார். தோற்றார்!

அப்படியானால் அழுக்கு? அதற்கும் ஒரு வழக்கு உண்டு. 1880-களில், அதே இங்கிலாந்தில், ஒருவர் பீர் வடிக்கும் தொழில் செய்தார். தொழிலுக்குத் தண்ணீர் சொந்தக் கிணற்றிலிருந்து. பக்கத்துக்காரர் தம்முடைய கிணற்றில் சாக்கடையைத் திருப்பிவிட்டார். அது மண்ணுக்கு அடியிலேயே போய் இந்தக் கிணற்றைக் கெடுத்தது.

முதல் கோர்ட்டு, கிணற்றுக்காரருக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொன்னது. 1885-ம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டு அதைப் புரட்டிப்போட்டது. அடித்தண்ணீர் ஒரு பொது ஊற்று. அதை எடுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆகவே மற்றவர் எடுக்க முடியாதபடி அதைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இதுதான் தீர்ப்பின் சாரம். "நீ பம்பு வைத்து இழுத்ததால்தானே என் அழுக்கு உன் கிணற்றுக்கு வந்தது?" என்ற வாதமும் எடுபடவில்லை.

நம் சட்டத்தின் 7-வது பிரிவும் இதையே சொல்லுகிறது. ஒருவருடைய நிலத்தின் வழியாக இயற்கையாக ஓடும் தண்ணீரோ, ஊறும் தண்ணீரோ, அங்கே வருவதற்கு முன்பு மற்றவர்களால் நியாயமில்லாமல் அசுத்தப்படக் கூடாது. இது நிலத்தோடு பிறந்த உரிமை. இதற்குப் பத்திரம் வேண்டியதில்லை.

ஆக, "என் இடம், நான் தோண்டுகிறேன்" என்ற அண்ணாச்சிக்குப் பதில் இதுதான்: தோண்டலாம். ஆனால் அந்தக் குழி உங்கள் எல்லைக்குள்ளேயே அடங்கவேண்டும். கசிவுக்கு எல்லைக்கல் தெரியாது!

கிணற்றுக்காரருக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து மனைக்காரர் கக்கூசே கட்டக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. கெடுதல் வராத இடத்தில், கெடுதல் வராத விதத்தில் கட்டு என்றுதான் கேட்கலாம்.

20 வருஷம் ஆனால் சரியாகிவிடுமா?

"எங்கள் அப்பா காலத்துக் குழி இது. 20 வருஷம் தாண்டிவிட்டது. இனி யாரும் கேட்க முடியாது" என்று சிலர் மீசையை முறுக்குவார்கள்.

20 வருஷக் கணக்கு சட்டத்தில் இருப்பது உண்மை. 15-வது பிரிவு. பிறருடைய நிலத்தின் வழியாக நடந்து போவதையோ, தண்ணீர் கொண்டு போவதையோ 20 வருஷம் தொடர்ந்து செய்தால் அது உரிமையாகிவிடும். ஆனால் சும்மா அல்ல. அமைதியாக, வெளிப்படையாக, உரிமையோடு, தடை இல்லாமல் அனுபவித்திருக்கவேண்டும். சர்க்கார் நிலமானால் 30 வருஷம்.

தண்ணீரைக் கெடுக்கும் விஷயத்தில் சட்டம் ஒரு கொக்கி போட்டிருக்கிறது. குழி தோண்டிய நாளிலிருந்து 20 வருஷத்தை எண்ணக் கூடாது. கெடுதல் பக்கத்து நிலத்தில் கண்கூடாகத் தெரிய ஆரம்பித்த நாளிலிருந்துதான் எண்ணவேண்டும். மண்ணுக்கு அடியில் மறைவாகப் போகும் கசிவு என்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது? அதை நிரூபிப்பது குழிக்காரரின் பாடு. மேலும், பொதுச் சுகாதாரச் சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. 1991-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு, மாசில்லாத தண்ணீர் பெறுவது உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று கூறியிருக்கிறது. ஆகவே 20 வருஷத்தை நம்பி மீசையை முறுக்கவேண்டாம்.

அண்ணன் கக்கூஸ், தம்பி நிலம்

சண்டைகளில் மனசை அதிகமாக நோகடிப்பது இதுதான்.

அப்பா பெரிய வீடு கட்டினார். பின்பக்கம் ஒரு டாங்க். அப்பாவுக்குப் பிறகு பாகப் பிரிவினை. முன் பாகம் அண்ணனுக்கு. பின் பாகம் தம்பிக்கு. பத்திரத்தில் கிணற்றைப் பற்றி எழுதினார்கள், தென்னை மரத்தைப் பற்றி எழுதினார்கள். டாங்க்கைப் பற்றி யாருமே நினைக்கவில்லை.

அண்ணன் வீட்டுக் கக்கூஸ் குழாய், தம்பி நிலத்து டாங்க்கில் போய் விழுகிறது. ஐந்து வருஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள், எதற்கோ வந்த மனஸ்தாபம். தம்பி குழாயை அடைத்துவிடுகிறார். அண்ணன் வீட்டில் கழிவு பொங்கி முற்றத்தில் நிற்கிறது. அந்த வீட்டில் ஒரு கிழவி இருக்கிறாள். அவள் இருவருக்கும் தாய்!

தம்பி அடைக்கலாமா? அடைக்க முடியாது. சட்டத்தின் 13-வது பிரிவைப் பாருங்கள். ஒரு சொத்தைப் பலர் பிரித்துக்கொள்ளும்போது, முன்பு எப்படி அனுபவித்தார்களோ அப்படியே அனுபவிப்பதற்குத் தேவையான, வெளியே தெரியக்கூடிய, தொடர்ச்சியான வசதி தொடரும். வேண்டாம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் அது போகும்.

"குழாய் மண்ணுக்கு அடியில் இருக்கிறதே! அது வெளியே தெரியக்கூடியதா?" என்று தம்பி கேட்கலாம். சட்டமே இதற்கு உதாரணம் காட்டுகிறது. விஷயம் தெரிந்த ஆள் கவனித்துப் பார்த்தால் கண்டுபிடிக்கக்கூடிய சாக்கடை, வெளியே தெரியும் வசதியே!

ஆனால் அண்ணனுக்கும் எல்லை உண்டு. குழாய் உடைந்தால் செப்பனிடும் செலவு அவருடையது. தோண்டிய இடத்தை முன்பு இருந்தபடி மூடிக் கொடுக்கவேண்டும். ஒரு குடும்பத்துக்கு இருந்த வசதியை வைத்து, மாடி கட்டி நாலு குடித்தனம் வைத்துச் சுமையை ஏற்றக் கூடாது.

"தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், மாமா!"

சிநேகம் இருக்கும்போது பேச்சு இனிமையாக இருக்கும். "என் இடத்தில் குழாய் போட்டுக்கொள்ளுங்கள், மாமா. இதற்கெல்லாம் பத்திரமா?" என்பார்கள்.

இப்படி வாயால் கொடுப்பது அனுமதி. அது உரிமை அல்ல. கொடுத்தவர் பொதுவாக அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இடத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அது கட்டாது. ஆனால் அந்த வார்த்தையை நம்பி, பணம் செலவு செய்து, நிலையான கட்டுமானம் ஏதாவது செய்திருந்தால், திரும்ப வாங்க முடியாது என்று 60-வது பிரிவு சொல்லுகிறது. எது நிலையானது, எது அல்ல என்று வாதாடத்தான் கோர்ட்டு நாட்கள் போய்விடுகின்றன.

ஒரு பக்கக் கடுதாசி போதும். குழாய் எங்கே போகிறது, எத்தனை அடி ஆழம், செப்பனிடுவது யார், விற்றாலும் தொடருமா? இந்த நாலையும் எழுதி, ஒரு சின்னப் படமும் வரைந்து, ரிஜிஸ்டர் செய்துவிட்டால் பேரன் காலத்துக்கும் சண்டை இல்லை.

தண்ணீரில் சந்தேகமா?

சந்தேகம் வந்தவுடன் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் குடிப்பதை நிறுத்துங்கள். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால், நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பிறகு சோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வாரியத்தின் சோதனைச்சாலைகள் இருக்கின்றன. 100 மில்லி லிட்டர் குடிநீரில் மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதுதான் அளவுகோல்.

எந்தக் குழியிலிருந்து வருகிறது என்று தெரியவேண்டுமா? சந்தேகப்படும் கக்கூசில் சாயம் கரைத்து ஊற்றிக் கிணற்றில் அது தோன்றுகிறதா என்று நிபுணர்கள் பார்ப்பார்கள். சில சமயம் வேடிக்கை நடக்கும். குற்றவாளி, பக்கத்து வீட்டுக் குழி அல்ல, சொந்த வீட்டுக் குழி என்று தெரியவரும்! ஆகவே முதல் சோதனையை உங்கள் வீட்டிலேயே செய்யுங்கள்.

கிணற்றுக்கு மருந்து போடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. 1,000 லிட்டர் தண்ணீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். 2 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால், ஏறக்குறைய 9,400 லிட்டர். அதற்கு 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்கவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் எடுக்கலாம். ஆனால் ஒன்று: கசிவு நிற்கும்வரை மருந்து ஒரு நாள் காவல்தான். ஓட்டையை அடைப்பதே வைத்தியம்.

எங்கே முறையிடுவது?

முதலில் பஞ்சாயத்திலோ, முனிசிபாலிட்டியிலோ மனுக் கொடுங்கள். 1939-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, சுகாதாரக் கேட்டை நீக்கச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

தெருவுக்கே கெடுதல் என்றால், ஆர்.டி.ஓ.விடம் போகலாம். முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 133-வது பிரிவு என்று இருந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை முதல், புதிய சட்டத்தில் அது 152-வது பிரிவு. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகர மக்கள் பழைய பிரிவின்படிதான் தங்கள் தெருச் சாக்கடைக்காகப் போராடினார்கள். "பணம் இல்லை" என்றது நகராட்சி. அது ஒரு சாக்கு அல்ல என்று 1980-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

இரண்டு வீட்டுக்குள் அடங்கிய சண்டையானால் சிவில் கோர்ட்டு. கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பும். அவர் டேப் பிடித்து அளந்து, படம் போட்டு அறிக்கை கொடுப்பார். தடை உத்தரவும் கேட்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு நல்ல இடம் இருக்கிறது. தாலுகா சட்டப் பணிகள் குழு. அங்கே லோக் அதாலத்தில் கட்டணம் கிடையாது. இருவரும் ஒப்புக்கொண்டு முடித்தால், அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அப்பீலும் இல்லை. பகையும் இல்லை.

உள்ளே இறங்காதீர்கள்!

சண்டையின் சூட்டில், "இன்றைக்கே காலி செய்கிறேன் பார்" என்று யாரையாவது டாங்க்கில் இறக்கிவிடாதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். இப்படி ஒருவர் பின் ஒருவராகப் போன உயிர்கள் எத்தனையோ!

பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2023-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. லாரியும் குழாயும் வைத்து உறிஞ்சுவதுதான் முறை. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் செய்தால் டாங்க்கும் ஒழுங்காக வேலை செய்யும்.

மேஸ்திரி கயிறு பிடிக்கும் முன்...

வீடு கட்டப் போகிறீர்களா? வாஸ்து பார்க்கிறீர்கள், நல்ல நாள் பார்க்கிறீர்கள். பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஒரே வரிசையில் உள்ள வீட்டுக்காரர்கள் பேசி, கிணறு எல்லாம் முன்பக்கம், குழி எல்லாம் பின்பக்கம் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை ஒழியும். மேடான இடம் கிணற்றுக்கு. பள்ளமான இடம் குழிக்கு. கிணற்றின் உட்சுவரை மேலிருந்து 20 அடி ஆழம் வரை கசியாமல் கட்டுங்கள். சுற்றிலும் சிமெண்டுத் தளம் போடுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003-ம் ஆண்டில் கட்டாயமாயிற்று அல்லவா? அந்த மழைக் குழியை உறிஞ்சு குழியின் பக்கத்தில் வைக்காதீர்கள். நல்ல தண்ணீரே அழுக்கை இழுத்துக்கொண்டு இறங்கும்.

இடமே போதவில்லையா? உறிஞ்சு குழியை விட்டுவிடுங்கள். ஒழுகாத தொட்டி கட்டி, நிறைந்தவுடன் லாரியை அழையுங்கள். பாதாளச் சாக்கடை வந்த அன்றே இணைப்பு வாங்குங்கள். அந்தச் செலவு அதிகம் என்று தோன்றலாம். வக்கீல் பீசையும் ஆஸ்பத்திரிச் செலவையும் கூட்டிப் பார்த்தால், அது அவ்வளவு அதிகம் இல்லை.

பூமிக்கு மேலே காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். பூமிக்குக் கீழே நாலு வீட்டுக்கும் தண்ணீர் ஒன்றுதான். மேஸ்திரி கயிறு பிடிப்பதற்கு முதல் நாள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "குழியை எங்கே வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

அந்த ஒரு கேள்விக்குக் கோர்ட்டு முத்திரை தேவையில்லை!